கிரேன்காரருக்கு ஒரு தலை

என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று கால்களோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய சொந்தக் கால்களைச் சொல்லவில்லை. தோளில் பையில் போட்டுச் சுமந்து வந்த கேமரா முக்காலியைச் சொல்கிறேன். கூடத்தின் நடுவில் அதை விரித்து நிறுத்தினார். நான் யாரோ ஒருத்தர் வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கால்கள் மூன்றும் கம்பீரமாகத்தான் இருந்தன. மேலேதான் ஒன்றுமே இல்லை. ஒரு திருகு மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"கேமராவ எங்க வைக்கிறது?"

"தலை தனியா வாங்கணும்."

"தலையத் தனியா விக்கிறாங்களா?"

"ஆமா. காலு தனி, தலை தனி. நமக்குத் தோதா எது இருக்கோ அதப் பாத்து எடுத்து மாட்டிக்கலாம்."

"அடேயப்பா, இந்த வசதி எங்க அப்பா எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப இல்லாமப் போச்சே."

காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை அது.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். சாலையில் உருண்டு போகிற கிரேன் இல்லை. பெரிய கட்டடம் எழும்பும் இடங்களில் வானத்தில் நீளமாக ஒரு கையை நீட்டிக்கொண்டு ஒன்று நிற்குமே, அது. அந்தக் கைக்குக் கீழே, கழுத்துப் பக்கம், ஒரு கண்ணாடிக் கூண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். இருபத்தேழு வருஷமாக அதுதான் அவருக்கு ஆபீஸ். காலை ஐந்தரைக்கு நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய், ஏணி ஏறி உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழேயிருந்து ரேடியோவில் சொல்லச் சொல்ல, இரும்பையும் சிமென்ட்டையும் தூக்கித் தூக்கி வைப்பார். அப்படிச் சொல்கிற சகாவுக்கு 'விசில்' என்று பெயர். ரேடியோ வருவதற்கு முந்திய காலத்தில் வாயில் விசில் வைத்தே வேலை நடத்திய ஆள். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வது நாலே வார்த்தைதான்: மெதுவா, இன்னும், இன்னும் கொஞ்சம், நிறுத்து. வீட்டிலும் அதே பாஷைதான். நான் குழம்புப் பாத்திரத்தை மேஜையில் வைக்கப் போனால், "மெதுவா… இன்னும்… வையி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் உயரத்துக்கு மாப்பிள்ளை என்றால், நான் உயரத்துக்கு ஜென்ம விரோதி. ஸ்டூலில் ஏறினாலே எனக்குக் கண்ணை இருட்டும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனியில் துணி காயப்போடுவது அவர் வேலை. கிரேனில் ஏற ஆரம்பித்த புதிதில் பெருமையாக என்னை சைட்டுக்குக் கூட்டிப்போய் ஏணியில் ஏற்றிப் பார்த்தார். பதினோரு படி ஏறினேன். பன்னிரண்டாவதில் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியவள்தான். விசிலும் இன்னும் இரண்டு பேரும் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து இறக்கினார்கள். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

இந்த வருஷம் அவருக்கு ஐம்பத்தெட்டு. கம்பெனி சட்டப்படி ஐம்பத்தெட்டு முடிந்தவர்கள் கூண்டில் ஏறக் கூடாது. கீழே யார்டில், கம்பிவடங்களில் பிரி விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை காத்திருந்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கால் வலி போகும் என்று சந்தோஷம்கூட. ஆனால் ஒரே ஒரு குறை இருந்தது. அதை ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"இருவத்தேழு வருஷமா மேல ஒக்காந்து என்னல்லாம் பாத்திருக்கேன். நீ ஒரு தடவகூடப் பாக்கலயே."

"போன்ல காட்டியிருக்கீங்களே."

"காட்டினப்ப என்ன சொன்ன?"

தீப்பெட்டியைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். ஆற்றைக் காட்டியபோது, 'இது என்ன, நாடா அவுந்து கெடக்கு' என்று கேட்டேன். நான் பொய் சொல்லவில்லை. அந்தப் படங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மனுஷர் மனசில் அது முள்ளாக நின்றிருக்கிறது. எங்கள் பெண் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன நல்ல கேமரா ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்தார். கூண்டிலிருந்து நாலா பக்கமும் துண்டு துண்டாகப் படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி, ஒரே நீளப் படமாக எனக்குக் காட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். கடைசி நாளுக்கு நாலு வாரம் இருந்தது. அது தப்பினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு வாய்ப்பு இல்லை.

முக்காலி வந்த மறுநாள் தலை வாங்கப் போனோம். தையல்காரி என்ற முறையில் எனக்கும் கடைகளைப் பார்ப்பதென்றால் இஷ்டம். கேமராக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பொறுமைக்கு இலக்கணம் அந்த மனிதர். அவர் பொறுமை எவ்வளவு என்று பார்த்துவிடுவதற்காகவே கடவுள் என் வீட்டுக்காரரை அங்கே அனுப்பினார் போலிருக்கிறது.

கண்ணாடி மேஜை மேல் மூன்று தலைகளை எடுத்து வைத்தார். முதலாவது உருண்டைத் தலை. ஒரு கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டு, குண்டின் மேல் கேமரா. பக்கத்தில் ஒரே ஒரு திருகு. அதைத் தளர்த்தினால் கேமரா எந்தப் பக்கமும் சாயும், இறுக்கினால் அப்படியே நிற்கும். இரண்டாவது மூன்று கைப்பிடித் தலை. மேலும் கீழும் ஆட்ட ஒரு பிடி, பக்கவாட்டில் சாய்க்க ஒரு பிடி, சுற்றித் திருப்ப ஒரு பிடி. மூன்றாவது பல்சக்கரம் வைத்தது. அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்ததும் நானே அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டேன்.

"மலை, ஆறு, வயல்னு எடுக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் உருண்டையத்தான் வாங்குறாங்க சார். சிறுசு, லேசு, சட்டுனு வைக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"எத்தன கிலோ தாங்கும்?"

"பெட்டில பன்னண்டு கிலோன்னு போட்டிருக்கான்."

"நடுவுல தொங்கினா பன்னண்டு. தள்ளித் தொங்கினா?"

இந்தக் கேள்வியை அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை போலும். கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். இவர் என் தோளிலிருந்த கைப்பையை உருவினார். கேமராவை உருண்டைத் தலையில் பொருத்தி, நீள லென்ஸின் நுனியில் என் பையைத் தொங்கவிட்டு, திருகை இறுக்கினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையில் என் கத்தரிக்கோல், தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன. லென்ஸின் மூக்கு மெல்ல, மிக மெல்ல, ஒரு நூல் அளவு கீழே இறங்கியது.

"எறங்குது."

"நீள லென்ஸுக்குக் கொஞ்சம் எறங்கும் சார். பழகிட்டா ஒரு துளி மேல வெச்சு இறுக்கிப்பாங்க."

"எறங்கும்னு தெரிஞ்சே தூக்குறதா? எங்க சைட்ல அப்படிச் சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார் இவர். அதோடு ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒரேயடியாகச் சாய்வது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு பிடிக்கு ஒரு வேலை என்று இருந்தால்தான் அது யந்திரம், இல்லாவிட்டால் பொம்மை என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். மூன்று கைப்பிடியைக் கையில் கொடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வாயெல்லாம் பல். கண்ணை மூடிக்கொண்டு பிடி பிடியாகத் தடவிப் பார்த்து, "இது கை, இது கொக்கி, இது சுழற்சி" என்று கிரேன் பெயர்களையே அவற்றுக்கும் வைத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கு ஒத்திகைக்குப் போனோம். சரிவு மெதுவானது, நானும் பயமில்லாமல் ஏறலாம். மேலே நல்ல காற்று. தூரத்தில் ஆறும் அதற்கப்பால் மலையும் தெரியும். இவர் சைட்டில் வேலை செய்கிற மாதிரியே செய்தார். முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தினார். மூன்று பிடிகளையும் முறையாக இறுக்கினார். பட்டனைக் கையால் அழுத்தினால் ஆடுமாம். அதனால் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, ஒரு அடி விலகி நின்றார். படம் விழுந்தது. பார்த்தோம்.

மலை தெளிவில்லை. ஆறு தெளிவில்லை. எல்லாம் இடமிருந்து வலமாக ஈரத்துணியால் துடைத்த மாதிரி இழுபட்டிருந்தது. நாற்பது படம் எடுத்தார். முப்பத்தாறு அப்படித்தான்.

"காத்து," என்றார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் வைத்து எடுத்தால் எல்லாம் கச்சிதம். என் தையல் மிஷினின் ஊசிக் காதுகூடத் தெரிந்தது. "அப்ப தலையிலதான் கோளாறு, காத்துக்குத் தாங்கல" என்று கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஆட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் அதே மாதிரி வேறொன்றைக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அதுவும் அதே கூத்து. முக்காலியின் கால்களுக்கு நடுவில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கேமரா வாரைக் கழற்றினார். என்னைக் காற்று வரும் பக்கம் சேலைத் தலைப்பை விரித்து நிற்கச் சொன்னார், நின்றேன். மனுஷர் தலைகீழாக நின்று பார்த்தும் படம் இழுபட்டுக்கொண்டேதான் இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். ஆனாலும் பிடிவாதத்துக்குப் பின்னால் பயம் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. சாப்பிடும்போது சுவரில் நாட்காட்டியைப் பார்ப்பார், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வார். மேலே கூண்டில் கண்ணாடியைத் திறந்தால் இதைவிட இரண்டு மடங்கு காற்று. அங்கே போய் இப்படித்தான் விழப்போகிறது என்றால் எடுத்து என்ன, எடுக்காமல் என்ன? எனக்காகத்தானே இத்தனையும்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. கடைசி நாளுக்கு ஐந்தே நாள். குன்றில் புல் மேல் உட்கார்ந்து, மலையைப் பார்த்துச் சலித்துப்போய், அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி தைக்கிறவளுக்குக் கண் தானாகக் கைக்குத்தான் போகும். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

மூன்று பிடியையும் இறுக்கினார். குனிந்து பார்த்தார். டைமரை அழுத்தினார். நிமிர்ந்து விலகும்போது, இடது கை தன்பாட்டுக்குப் போய், திருப்புகிற பிடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு வந்தது. அவர் முகம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்குத்தான் பிரமையோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இன்னும் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே.

"என்னங்க, நீங்கதான் அத லூஸ் பண்ணிவிடறீங்க."

"எத?"

"சுத்துற பிடிய. டைமர் போட்டுட்டு வெலகும்போது இடது கையால லூஸ் பண்ணிட்டுத்தான் வெலகுறீங்க."

"நானா? எனக்கென்ன பைத்தியமா, இறுக்குனத நானே லூஸ் பண்ண?"

"பைத்தியமான்னு நான் சொல்லல. லூஸ் பண்றீங்கன்னு சொல்றேன்."

"வாயில வந்ததச் சொல்லாத. நான் எத்தன டன் தூக்குற ஆளு தெரியுமா?"

வாய்ச் சண்டையில் அவரை ஜெயிக்கலாம், ஆனால் நேரம் போய்விடும். "சரி, இன்னொண்ணு எடுங்க" என்று சொல்லிவிட்டு என் போனில் அவர் கையை வீடியோ எடுத்தேன். கையும் களவுமாகக் காட்டினேன். முதல் தடவை பார்த்தபோது புருவம் சுருங்கியது. இரண்டாம் தடவை வாய் திறந்தது. மூன்றாம் தடவை பார்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பயந்தே போய்விட்டேன்.

"சுழல் பிரேக்கும்மா!"

மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். கிரேன் ஓட்டுகிறவன் இருக்கையை விட்டு எழுந்தால், இறங்குமுன் கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுழல் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் காற்று அடிக்கிற பக்கம் கிரேனின் கை தானாகத் திரும்பி நிற்கும். பிரேக்கைப் பூட்டிவிட்டு வந்தால், காற்று அந்த நீளக் கையைப் பிடித்துத் தள்ளி மொத்தத்தையும் சாய்த்துவிடும்.

"கீழ எத்தன பேரு நிக்கிறாங்க. மறந்தா கொலைக் குத்தம். இருவத்தேழு வருஷத்துல ஒரு நாளுகூட நான் மறந்ததில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைப் பார்த்து என் கோபம் போன இடம் தெரியவில்லை. வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் இடது கை காற்றில் ஒரு திருகு திருகும். அதை நான் நரம்புக் கோளாறு என்று நினைத்து ஆறு மாதம் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். அந்தத் தைலத்தின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டவர், ஏன் தேய்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதான் தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், ஐந்து நாளில் எப்படிப் போகும்? திங்கட்கிழமை, திரைச்சீலை நாடாவால் அந்தப் பிடியை முக்காலியோடு சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். டைமர் வைத்தார், விலகினார். முடிச்சை அவிழ்த்து, நாடாவை அழகாகச் சுருட்டி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகினார். "நாடா எங்க?" என்று கேட்டால் முக்காலியைச் சுற்றித் தேடுகிறார். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் நின்று, கை போகும்போதெல்லாம் ஒரு அடி போட்டேன். அது பலித்தது. ஆனால் மேலே கூண்டில் நின்று அடிப்பதற்கு நான் வர முடியாதே. விசில், ரேடியோவில் "அண்ணே, கை!" என்று கத்துவதாகச் சொன்னார். கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். விசில் கத்தியதும் இவர் பிடியைச் சட்டென்று தளர்த்திவிட்டு, அப்புறம் கையை எடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், இது நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திருப்பும் பிடியைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தார். கழற்றினால் தலையைச் சுற்ற முடியாது, சுற்றாவிட்டால் நாலா பக்கமும் எடுப்பது எப்படி என்றார் இவர். பல்சக்கரத் தலை மறுபடி மேஜைக்கு வந்தது. கூண்டுக்குள் அதை எங்கே வைப்பது, முக்காலியை விரித்தாலே மிச்ச இடம் இல்லையே என்றார் இவர். இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். தலை சுற்றினால் கேமரா சுற்றும், கேமரா சுற்றினால் பிடி வேண்டும், பிடி இருந்தால் கை போகும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, மேல போனா நீங்களே முழுசாச் சுத்தப்போறீங்க. ஒங்க கூண்டே சுத்துது. அதுக்குள்ள இருக்கிற தலை வேற தனியா எதுக்குச் சுத்தணும்?"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"கிரேனையே திருப்பிட்டா…" என்றார் இவர் மெதுவாக. கிரேனின் கை திரும்பும்போது கூண்டும் கூடவே திரும்பும். கேமராவை ஒரே இடத்தில் மட்டமாகப் பொருத்திவிட்டு, கிரேனை ஒரு துண்டு திருப்பி நிறுத்தி ஒரு படம், இன்னொரு துண்டு திருப்பி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போகலாம். இருக்கையை விட்டு எழவே வேண்டாம். எழாவிட்டால் அந்தக் கையும் பிரேக்கைத் தேடிப் போகாது.

கடைக்காரர் உள்ளே போய், முழங்கால் உயரத்தில் கூண்டில் இருக்கும் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு கிளாம்ப் கொண்டுவந்தார். அதன் மேல் பொருத்தக் கையடக்கமாக, ஒரே திருகோடு, வேறு எந்தப் பிடியும் நீட்டிக்கொண்டு இடிக்காமல், சிறியதாக ஒரு தலை வேண்டும். மேஜை மேல் எடுத்து வைத்தார். முதல் நாள் இவர் பொம்மை என்று ஒதுக்கிய அதே உருண்டை.

கடைக்காரர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குக் கிடையாது. "பொம்மை வேணாம்னீங்களே" என்றேன்.

"ஒரு துளி மேல வெச்சு இறுக்கிக்கணும், அவ்வளவுதானே," என்றார் இவர், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. நீள லென்ஸை விட்டுவிட்டுச் சின்ன லென்ஸ் போட்டுப் பார்த்தோம். தலை அசையவே இல்லை. மூக்கு உடைபட்டதில் இவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், அரை மணி நேரம் இன்ஜினியர் அனுமதி கொடுத்திருந்தார். கொக்கியில் சுமை இருக்கக் கூடாது, கேமராவைக் கயிறு போட்டுக் கூண்டோடு கட்டியிருக்க வேண்டும், காற்று கூடினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் கிரேன் தெரியும், இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் மஞ்சள் கோடு மாதிரி. வழக்கம்போல ஜன்னலிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு பார்த்தேன். ஒரு மணி ஐந்துக்கு அந்தக் கோடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது, நின்றது. எண்ணினேன். ஒரு வட்டத்துக்குப் பன்னிரண்டு நிறுத்தம் என்று சொல்லியிருந்தார். பதினொன்றாவதில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. காற்று வந்துவிட்டதோ, கை எங்கேயாவது போய்விட்டதோ என்று பதறினேன். என்னை அறியாமல், "இன்னும்… இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நகர்ந்தது. பன்னிரண்டு.

பதினொன்றாவதில் ஒரு மேகம் ஆற்றின் மேல் நிழல் போட்டுவிட்டதாம். அது விலகும்வரை காத்திருந்தாராம். எனக்கு இங்கே உயிர் போய் வந்தது. அதைச் சொன்னால், "மேகம் போகட்டும்னு நின்னேன், நிழலு அழகாயில்ல" என்கிறார்.

கடைக்காரர் பன்னிரண்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, ஏழு அடி நீளத்துக்குப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டிக் கொடுத்தார். கூடத்தில் மேஜையை ஓரங்கட்டித் தரையில் விரித்தோம். சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் என் இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், நூல் டப்பா, அவர் செருப்பு. நான் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன்.

கீழே, ரொம்பக் கீழே, சாலை இருந்தது. சாலையில் ஒரு லாரி. அதன் நிழல். அங்கிருந்து கூரை கூரையாக விரிந்து போய், ஆறு வளைந்து, வயல் பச்சை பச்சையாகக் கட்டம் போட்டு, மலையில் போய் முடிந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. சட்டென்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன?"

"தலை சுத்துது."

"நெஜமாவா?"

ஒருத்திக்கு மயக்கம் வந்ததற்காக அவள் புருஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "நெஜமாவே சுத்துதா? ரொம்பச் சுத்துதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னை மெல்லத் தரையில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். மழை எந்த மலை இடுக்கு வழியாக முதலில் வரும், ரயில் எங்கே பாலத்தில் ஏறும், பள்ளிக்கூடம் விட்டதும் எந்தத் தெரு வெள்ளையாக நிறையும். நாலு வார்த்தை மனுஷர் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார்.

"சரி, நம்ம வீடு எங்க இருக்கு?" என்று கேட்டு, நான் தேட ஆரம்பித்தேன். ஆயிரம் கூரை இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. அவர் தேடவில்லை. விரல் நேராகப் போய் ஒரு புள்ளியில் நின்றது.

"இது. இந்தக் கடுகு மாதிரி இருக்கே, சமயக்கட்டு ஜன்னல்."

"எப்படிங்க ஒடனே கண்டுபிடிச்சீங்க?"

"தெனமும் பாக்குறதுதானே. காலைல ஏறி ஒக்காந்ததும் மொதல்ல இதத்தான் பாப்பேன். ஆறே முக்காலுக்கு லைட்டு எரியும். நீ எந்திரிச்சிட்டேன்னு தெரியும். அப்புறந்தான் வேலைய ஆரம்பிப்பேன்."

நான் படத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போன வருஷம் ஒரு நாளு எரியல. ஏழு ஆச்சு, ஏழே கால் ஆச்சு. எறங்கி வந்துட்டேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல். எட்டு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து கதவைத் திறந்தார், வெந்நீர் வைத்தார், டாக்டரைக் கூட்டிவந்தார். இன்றைக்கு என்ன சீக்கிரம் என்று கேட்டதற்கு, மேலே காற்று அதிகம், வேலையை நிறுத்திவிட்டார்கள் என்றார். நல்லவேளை, காற்று வந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

"காத்துன்னுதானே சொன்னீங்க?"

"ஒன்கிட்ட காத்துன்னு சொன்னேன். இன்ஜினியர்கிட்ட வயித்துவலின்னு சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் தூக்கக் கலக்கத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டு அந்த விளக்கைப் போடுகிறேன். அதை ஒருத்தர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"வெரல எடுங்க, ஜன்னல் தெரியல," என்று அதட்டினேன். அவர் எடுத்தார். நான் மண்டிபோட்டு, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தேன். தலை இன்னும் சுற்றியது. சுற்றினால் சுற்றட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.